இறந்தகாலத்தில் அப்பா

கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாகத் தபால் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். கடைசிப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்ற கட்டண எண்களைப் பார்த்துவிட்டு, "கூட்டினா எவ்ளோ வருது?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் பிளஸ் டூ தேறிய முதல் பெண் நான். டவுனில் பெண்கள் மட்டும் படிக்கும் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டதே வீட்டுக்குத் தெரியாமல்தான். எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில் போட்டது. கிடைத்துத் தொலைத்துவிட்டது.

அப்பா அப்போது பெங்களூரில் இருந்தார். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியதில் எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டை போட்டதெல்லாம் ஒரு கடலைகூட எடுக்காமல் கருகிப் போனது. விதைக்குப் போட்ட காசுகூடத் திரும்பவில்லை. ஊரில் பாதி ஆம்பளைகள் கட்டட வேலைக்குப் பெங்களூர் பஸ் ஏறியபோது அவரும் ஏறினார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் இரண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் போய்விடுவார்.

பணத்துக்காக நானும் அம்மாவும் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் முட்டி வலிக்கிறது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். உதவித்தொகை உண்டு, ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும் என்றார்கள். சேருவதற்கே பணம் இல்லாமல்தான் வந்திருக்கிறோம் என்று அம்மா சொன்னார். அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். "புரியுதும்மா, ஆனா ரூல் அப்படி" என்று சொல்லி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒரு பேங்க்கில் ஜாமீனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கொல்லைப் பத்திரம் தாத்தா பெயரில் இருந்தது, பங்காளிகள் நான்கு பேர். அம்மாவின் கம்மல் ஏற்கெனவே அடகுக் கடையில் உட்கார்ந்திருந்தது. மாமா வீட்டுக்குப் போனோம். மாமா சோறு போட்டார், கறிக்குழம்பு ஊற்றினார், பணத்தைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, "கறி போட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றார்.

பணம் கட்ட ஒரு வாரம் இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை ஒரு வழி சொன்னார். அவர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அங்கே வருஷா வருஷம் வந்து தங்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, படிக்கிற பெண் யாராவது இருந்தால் உதவி செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வாசல் கேட்டில் விட்டுவிட்டு, அத்தை துணி துவைக்கப் பின்பக்கம் போய்விட்டார்.

உள்ளே ஒரு மாமரத்தடியில் பிரம்பு நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கைத்தறிப் புடவை கட்டி, நெற்றியில் சின்னப் பொட்டு வைத்திருந்தார். பக்கத்தில் அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் நின்றார். அவர்தான் மொழிபெயர்ப்பு. என் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுக் கடகடவென்று கேட்டார். எந்த ஊர், எந்த காலேஜ், எவ்வளவு பணம். நானும் கடகடவென்று சொன்னேன்.

"அப்பா?" என்றார்.

"அப்பா இல்லைங்க" என்றேன்.

அடுத்து, பெங்களூர் போயிருக்கார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வீட்டுக்காரர் அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "ஃபாதர் நோ மோர்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

நம் மொழியில் வீட்டில் இல்லாதவரும் 'இல்லை', உலகத்தில் இல்லாதவரும் 'இல்லை'. கேட்கிறவர்தான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நான் நடந்து நடந்து களைத்துப்போய், ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் நின்றிருந்தேன். என் முகத்தைப் பார்த்தவருக்கு வேறு அர்த்தம் தோன்றியிருக்க நியாயமில்லை. 'ஊர்ல' என்று ஒரு வார்த்தையை முன்னால் போட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு 'நோ மோர்' என்றால் என்னவென்று உடனே புரியவில்லை. அந்த அம்மாள் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டபோதுதான் புரிந்தது. அவர் கண்ணில் நீர் நின்றது. ஏதோ சொன்னார். வீட்டுக்காரர், "மூணு வருஷமும் கட்டறேன்னு சொல்றாங்க. காலு கையில விழாத, அவங்களுக்குப் புடிக்காது" என்றார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயத்தில் நா எழவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இல்லை. இந்த ஒரு வார்த்தையைத் திருத்தினால் மறுபடி நடக்க வேண்டுமே என்று இருந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் கழித்து அப்பா வந்தார். அதற்குள் முதல் வருஷப் பணம் கட்டி ரசீது வீட்டில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன்.  அப்பா சிரித்தார், பலமாகவே சிரித்தார்.

"உயிரோட இருந்தப்ப ஒரு பைசா தேறல. செத்ததும் மூணு வருஷத்துக்கு ஃபீஸ் கட்டிட்டேன் பாரு."

"வாய மூடுங்க. வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு இது" என்று அம்மா கத்தினார்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "போய்த் திருத்திச் சொல்லணும்னா சொல்லிடு. இல்லன்னா வுட்டுடு. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முடிவை என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பதினேழு வயதில் அந்தக் கனம் எனக்கு ஜாஸ்தி.

அந்த வருஷம் மட்டும் ஊருக்குத் திரும்பத் தாமதமான அந்த அம்மாள், மற்றபடி குளிர்காலத்தில்தான் திருவண்ணாமலையில் இருப்பார். மற்ற மாதங்களில் தன் ஊரிலிருந்து கடிதம் போடுவார். மாதம் ஒன்று வரும், நான் மாதம் ஒன்று எழுத வேண்டும். அவருக்கும் ஆங்கிலம் சொந்த மொழியில்லை என்பதால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவார். படிப்பு எப்படி இருக்கிறது, அம்மா எப்படி இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. அவருடைய அப்பாவும் அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்விட்டாராம். அதனால் என் அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அவர் எப்படி இருப்பார், என்ன பாட்டுப் பாடுவார், உன்னைத் தூக்கிக்கொண்டு மலை சுற்றியிருக்கிறாரா என்றெல்லாம் கேட்பார். உண்மையான பரிவோடு கேட்பார். அதுதான் கஷ்டம்.

நான் அகராதியை வைத்துக்கொண்டு எழுதுவேன். அப்பா உயரமாக இருந்தார். அப்பா கொல்லையில் வேலை செய்தார். அப்பாவுக்குக் கருவாடு பிடித்தது. 'இஸ்' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'வாஸ்'. தமிழில் அந்தக் காலத்துக்கு இறந்தகாலம் என்று பெயர் வைத்தவர் என்னை நினைத்துத்தான் வைத்தாரோ என்று தோன்றும். கல்லூரியில் என் ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. இறந்தகாலம் மட்டும் பிசகாது. ஆங்கில ஆசிரியை ஒருமுறை வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். புத்தகம் படித்து என்று சொன்னேன்.

அப்பா எப்படி இறந்தார் என்று அந்த அம்மாள் ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார். நெஞ்சுவலி என்று எழுதிவிட்டேன். அடுத்த முறை அப்பா வந்தபோது, "இன்னா எழுதின?" என்று அவரே கேட்டார். சொன்னேன்.

"அது நல்லதுதான். ஜாஸ்தி கஷ்டப்படாம போயிட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை வந்தது. அப்பா வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் அந்த அம்மாள் என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்து, அம்மாவுக்கு என்றார். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். நல்ல கைத்தறிப் புடவை, விலை கூடியது, வெள்ளை. இத்தனை வருஷம் இந்த ஊருக்கு வந்துபோகிறவர், நம் வழக்கமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கியிருக்கிறார். அம்மா அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. "வெளியவே வையி" என்றார். புடவை இரண்டு நாள் வேலி மேல் கிடந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை, பாழாகப்போகிறதே என்று எடுத்துப் போனார். அந்த அம்மாளுக்கு நான், அம்மா கட்டிக்கொண்டு சந்தோஷப்பட்டார் என்று எழுதினேன்.

அம்மா பொய்யே சொல்லாதவர் என்றில்லை. ரேஷன் கடையிலும் கண்டக்டரிடமும் நன்றாகவே சொல்வார். ஆனால் இந்தப் பொய் அவரைத் தின்றது. அதுவரை வெள்ளிக்கிழமைதான் பெரிய பொட்டு வைப்பார். இப்போது தினமும் காலணா அகலத்துக்குக் குங்குமம். தெருவில் யாராவது கேட்டால், வேண்டுதல் என்பார்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் ரோட்டோரம் கடை போடுவார்கள். நாங்களும் எலுமிச்சை ஜூஸ் போடுவோம். ஒருமுறை சாயங்காலம், கூட்டம் தொடங்கிய நேரம், நான் பழம் பிழிந்துகொண்டிருந்தேன், அப்பா ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். செருப்பில்லாமல் நடந்து வரும் கூட்டத்தில் அந்த அம்மாள் வருவதைப் பார்த்துவிட்டேன். "அப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் எடுக்கப் போகிறவர் போல இருட்டும் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அந்த அம்மாள் ஜூஸ் குடித்தார், என் கன்னத்தைத் தட்டினார், தனியாகக் கஷ்டப்படுகிறாயே என்றார். அவர் போய் ஒரு மணி நேரம் ஆகியும் அப்பா வரவில்லை. தேடிப் போனேன். பம்ப் செட் தொட்டி மேல் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போயிட்டாங்களா?" என்றார். குடம் காலியாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவர் செத்துப்போனதைப் பற்றிக் கேலி பேசுவது கம்மியாகிவிட்டது.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் அப்பா பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பில் அடி. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் வேலைக்கு இனி ஆகாது என்றார்கள். வீட்டோடு வந்துவிட்டார். அந்த வருஷம் அந்த அம்மாளிடமிருந்து பணம் வரவில்லை, கடிதம்தான் வந்தது. கடைசி வருஷப் பணத்தை என் கையாலேயே தருகிறேன், உன் வீட்டைப் பார்க்க வேண்டும், உன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கல்லூரியில் கெஞ்சித் தவணை வாங்கினேன். குளிர்காலம் முடிவதற்குள் கட்டாவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் படித்ததும் எழுதியதும் எல்லாம் அந்த ஒரு வருகையில் வந்து நின்றது.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "படிப்பே வாணாம்னாலும் சரி. புருசன் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கறப்ப நான் பொட்ட அழிக்க மாட்டேன்." அந்த அம்மாள் வரும் நாளில் செங்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று ஆனது. உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய பொய்களில் அது மிகச் சின்னது.

அப்பாவால் அப்போது தெருக்கோடி வரை நடப்பதே கஷ்டம். குடத்தை எடுத்துக்கொண்டு போகவெல்லாம் முடியாது. எனக்கு எல்லாம் வெறுத்துப்போயிருந்தது. "உண்மைய சொல்லிடறேம்பா. என்னால முடியல" என்றேன்.

"ரெண்டரை வருசம் செத்தாச்சி. இன்னும் ஆறு மாசம் செத்தா இன்னா ஆயிடும்" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. பிறகு, "சித்தப்பான்னு சொல்லிடு. அதுலயும் அப்பா இருக்குது இல்ல?" என்றார்.

அந்த அம்மாள் ஒரு முற்பகலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அம்மா இல்லாததில் வருத்தப்பட்டார். அறை கொடுக்கும் வீட்டுக்காரர் அவருடன் வரவில்லை. இரண்டரை வருஷக் கடிதங்களில் என் ஆங்கிலம் தேறியிருந்ததால் நானே மொழிபெயர்ப்பு. அப்பா வெளுத்த வேட்டி கட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி" என்றேன். அந்த அம்மாள் எழுந்து கைகூப்பினார். அப்பாவும் கூப்பினார். பிறகு அவர் என்னிடம், இவரிடம் ஒன்று கேட்க வேண்டும், இவருடைய அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேள் என்றார்.

கேட்டேன். "உங்க அண்ணன் எப்படிப்பட்டவர்னு கேக்கறாங்க, சித்தப்பா."

 அப்பா ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. கொல்லைய நம்பினான், வெளையல. வேலைக்குப் போனான், ஒடம்பு குடுக்கல. யாரையும் ஏமாத்தினது கெடையாது. இந்தப் பொண்ண படிக்க வெக்கணும்னு ரொம்ப ஆசப்பட்டான். அவனால முடியல."

ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு இடத்திலும் தவறவில்லை, எல்லாம் சரியான இறந்தகாலம். என் குரல்தான் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. இப்படியெல்லாம் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. தன்னைப் பற்றி அவர் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. அதைச் சொல்ல அவருக்கு இன்னொரு ஆளாக நிற்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைப்பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்தார். அதை என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடி, நிதானமாக ஏதோ சொன்னார்.

அப்பா என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றாங்க?"

 வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இனிமே நீங்கதான் எனக்கு அப்பாவா இருக்கணுமாம்."

அப்பா கவரைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"என்னால ஆனத செய்யறேன்னு சொல்லும்மா" என்றார்.

சொன்னேன்.